"இன்னா மாத்திரை போட்ட?" என்று கேட்டவர்

சிஸ்டர் எழிலரசி காலமான செய்தி, கடையில் கூட்டம் நிறைந்திருந்த ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. எலவனாசூர்கோட்டையிலிருந்து அவருடைய தம்பி பேசினார். மாரடைப்பு என்றார். அக்கா கடைசியாகப் பேசிய எண் என்னுடையது என்பதால் எனக்கு முதலில் சொல்வதாகவும் சொன்னார். எதிரே நின்றவர் கேட்ட இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கை அது பாட்டுக்கு வேலை செய்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்தார். கள்ளக்குறிச்சியில் என் மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் பதினோரு வருடம் தனியாகக் குடியிருந்தார். காலையில் மலை பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று நான் கேட்டதில்லை.

குடிவந்த முதல் வாரமே ஒரு பால் பாத்திரத்தோடு படியிறங்கி வந்தார்.

"அண்ணா, இது கெட்டுப்போச்சான்னு மோந்து பாத்துச் சொல்லுங்க. எனக்கு வாசனை தெரியாது."

மூக்கில் சதை வளர்ந்து, இரண்டு முறை எடுத்தும் மறுபடி வளர்ந்துவிட்டதாம். கூடவே ஆஸ்துமா இழுப்பும் உண்டு. அன்றிலிருந்து பால், குழம்பு, தோசை மாவு எல்லாவற்றுக்கும் நான்தான் மூக்கு. அப்போதுதான் காய்ச்சிய பாலைக்கூடச் சில நாள் கொண்டுவருவார். பேச ஓர் ஆள் தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. மனைவியை இழந்த எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் 'செட்டு' என்று ஒன்று உண்டு. உடம்பு வலி என்று வருகிறவருக்கு நாலு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். அதில் ஒன்று வலி மாத்திரை. டாக்டர் சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. கரும்பு வெட்ட வருகிற கூலியாட்கள் செட்டு வாங்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். நான் கைராசிக்காரன் என்று பெயர் வேறு.

ஒருநாள் சிஸ்டர் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டிவிட்டு மலைக்குத் திரும்பிய சின்னம்மாள் என்ற பெண், பஸ்ஸிலேயே மூச்சுத் திணறி, பேச்சில்லாமல் வந்து சேர்ந்தாளாம். ஆக்சிஜன் கொடுத்து, ஊசி போட்டுப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். கரும்புத் தூசி என்றே எல்லோரும் சொன்னார்களாம். சிஸ்டர் மட்டும் அவளுடைய அடைத்த மூக்கைப் பார்த்துவிட்டு, "இன்னா மாத்திரை போட்ட?" என்று கேட்டிருக்கிறார்.

"இழுப்பு இருக்கற எல்லாருக்கும் இப்படி வராதுண்ணா, கொஞ்சம் பேருக்குத்தான். மூக்குல சதை, வாசனை தெரியாது, இழுப்பு. இது மூணும் இருக்கறவங்களுக்கு வலி மாத்திரை வெசமா ஆயிடும். எனக்கு இருக்கறதும் அதான். குடுத்தவங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

எந்தக் கடை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று காலை மலை பஸ் ஏறும் முன், மூக்கடைத்த குரலில் கேட்டு என்னிடம் செட்டு வாங்கிப்போன பெண்ணின் முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மாடியிலிருந்து இறங்கி வருவதை நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். கோழைத்தனம்தான்.

மறுநாளே செட்டு மடிப்பதை விட்டேன். வலி மாத்திரை கேட்டவர்களிடம் மூச்சையும் மூக்கையும் விசாரிக்க ஆரம்பித்தேன். பாதிப் பேர் அலுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். சிஸ்டர், சின்னம்மாளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நோய் இன்னதென்று உறுதிசெய்ய வைத்தார். வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் மருந்தை, இழுப்பு இல்லாத நாளிலும் விடக் கூடாது என்று பழக்கினார். ஆகாத மாத்திரைகளின் பெயர்களை ஓர் அட்டையில் சிவப்பு மையால் எழுதி, எங்கே போனாலும் காட்டச் சொன்னார். அப்படி எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தார்.

ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு போன பிறகு வாரம் ஒருமுறை போனில் பேசுவார். மாடியை நான் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. ஒவ்வொரு முறையும் போனை வைக்கும் முன், "வேற எதுனா சொல்லணுமாண்ணா?" என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். கடைசி முறையும் அப்படித்தான் சொன்னேன்.

சாவு வீட்டுக்குச் சின்னம்மாள் வந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு, பந்தல் ஓரமாக என் பக்கத்தில் வந்து நின்றாள். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். சிஸ்டரிடம் கடைசிவரை இதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன் என்றேன்.

"அவங்களுக்குத் தெரியுங்க. அன்னிக்கே சொல்லிட்டேன். கடை அடையாளத்தச் சொன்னதும் அழுதுட்டாங்க. யார் கிட்டயும் சொல்லாத, அவரே ஒருநாள் எங்கிட்ட சொல்லுவாருன்னாங்க."

அத்தனை வருடம் என் எதிரே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். பாடையைத் தூக்கும் முன், குனிந்து அவர் காதருகே, "நான்தான் குடுத்தேன் சிஸ்டர்," என்றேன். சுற்றி நின்றவர்கள் மாலை போடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நிம்மதியாகப் போங்கள், சிஸ்டர். என் வாயால் இதைக் கேட்கக் காத்திருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.