நிரப்பாத ஆண்டு

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கணினித் திரையை விரலால் தொட்டுப் பார்த்தவர் அந்த அன்ரி ஒருவர்தான். குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டார். திரையில் அவருடைய மகனின் பெயர், அவன் பிறந்த ஆண்டு, அடுத்து ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

நான் மதுரைக்காரி. மெல்பேர்னின் தென்கிழக்கில் உள்ள அந்த நூலகத்தில், வருகிற புத்தகங்களுக்குக் கேட்டலாக் பதிவு எழுதுவது என் வேலை. தமிழ் அடுக்கு என் தலையில் விழுந்ததற்கு எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. ஆசிய மொழிகளுக்கு மவுசு இருந்த காலத்தில் சென்னையிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்திருக்கிறார்கள். இலக்கணம், சோதிடம், சமையல் என்று கையில் கிடைத்ததெல்லாம் கப்பலேறி வந்திருந்தது. பிறகு தமிழ்ப் பாடத்தை நிறுத்தினார்கள். புத்தகங்கள் மட்டும் அடித்தளத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. மல்கிரேவ், ரோவில் பக்கத்து ஈழத் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அடுக்குக்கு ஆள் நடமாட்டம் வந்தது. போர்க்காலத்தில் சிறிய அச்சகங்களில், கிடைத்த தாளில் அச்சடித்த புத்தகங்கள் அவை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போதும் இவற்றைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் ஆன்ட்டி என்போம். இங்கே வந்து பழகியதில் எனக்கும் அன்ரி என்றே வாயில் ஒட்டிக்கொண்டது. ரோவிலிலிருந்து வந்த அந்த அன்ரி கொடுத்தது ஒரே ஒரு புத்தகம். அவருடைய மகன் மாணவனாக இருந்தபோது போட்ட கவிதைத் தொகுதி, அப்பளம் போல மெலிசு. புத்தகம் வெளிவந்த சில மாதங்களில், விசாரணை என்று சொல்லி அவனைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. “வீட்டில வைச்சிருந்தா நான் செத்த பிறகு ஆர் பாக்கிறது? இங்க இருக்கட்டும், பிள்ளை” என்றார்.

பதிவில் நூலாசிரியரின் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் குறிப்பது எங்கள் வழக்கம். பிறந்த ஆண்டைச் சொன்னவர், மற்றதைப் பற்றி நான் வாயெடுக்கும் முன்பே, “மற்றதைப் போடாதேங்கோ” என்றார்.

“போடல, அன்ரி. இப்படியே விட்டுருவேன்.”

“உயிரோட இருக்கிற ஆக்களுக்கும் இப்பிடித்தானோ?”

“ஆமா, அன்ரி. எல்லாருக்கும் இப்படித்தான்.”

அப்போதுதான் திரையைத் தொட்டார். அதன்பிறகு ஆண்டுதோறும் மகனின் பிறந்தநாளில் பஸ் மாறி மாறி வந்துவிடுவார். எனக்கென்று ஒரு டப்பாவில் பயற்றம் உருண்டை இருக்கும். நூலகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று நான் முறைப்பதும், அவர் அதைக் கண்டுகொள்ளாமல் மேசையில் வைப்பதும் எங்களுக்குள் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பதிவைத் திறந்து காட்டுவேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்ப்பார். “சரி பிள்ளை, போட்டு வாறன்” என்று கிளம்பிவிடுவார். கோயிலில் யாரோ மகனுக்குத் திதி கொடுக்கச் சொன்னார்கள் என்று அந்தக் கோயில் பக்கமே போகாமல் இருந்த மனுஷி அவர்.

ஒரு நாள் அன்ரியின் மகள் தனியாக வந்தாள். நகரின் மறுகோடியில் வெரிபீயில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகும் வாரக் கடைசியில் தாயோடுதான் இருப்பாள்; மருத்துவமனையில் மருந்தாளராக வேலை. ஊரில் உள்ள காணியைப் பெயர் மாற்றுவதற்காக அண்ணனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்திருந்தாள். அதன் நகலை என் மேசையில் வைத்தாள்.

“எல்லா இடத்திலயும் மாத்தியாச்சு, அக்கா. இங்க மட்டும்தான் மிச்சம். அம்மா இதைப் பாத்துப் பாத்துத்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறா. ராவில வாசல் லைட்டை நூக்க விடுறா இல்லை, விடிய விடிய எரியுது. ப்ளீஸ், வருசத்தைப் போட்டுவிடுங்கோ.”

அவள் சொன்னதில் பிழையில்லை. தாயின் காத்திருப்பைப் பக்கத்திலிருந்து பார்த்துத் தேய்ந்துபோன முகம் அது. சான்று கிடைத்தால் ஆண்டை நிரப்ப வேண்டும் என்பதுதான் விதி. விதியென்று வந்துவிட்டால் நான் உடும்புப்பிடி. கூட வேலை செய்பவர்கள் என்னைக் கேலி செய்வதே அதற்காகத்தான். ஆனாலும் கை போகவில்லை. “அம்மாவைக் கூட்டிட்டு வா. அவங்க முன்னாடியே போடுறேன்” என்றேன். அவள் சான்றிதழை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்த ஆண்டும் அன்ரி வழக்கம்போல வந்தார், பார்த்தார், போனார். மகள் வந்த விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. அதற்காக எனக்கு இன்றுவரை எந்த வருத்தமும் கிடையாது.

கடந்த குளிர்காலத்தில் அன்ரி காலமானார். இப்போது அடித்தளத்தில் தமிழ் அடுக்கு இல்லை. எல்லாவற்றையும் நகருக்கு வெளியே ஒரு கிடங்குக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் மாணவர்களுக்குச் சோபா போட்டிருக்கிறார்கள். வேண்டிய புத்தகத்தைக் கணினியில் கேட்டால் மூன்றாம் நாள் வந்து சேரும். கேட்கிறவர்கள்தான் இல்லை.

அன்ரியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் மகள் வந்தாள். நான் பதிவைத் திறந்தேன்.

“இப்பப் போட்டுரட்டுமா?”

அம்மாவின் நினைவு மலரில் அண்ணனைக் காலஞ்சென்றவர் என்றே அச்சடித்ததாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் நிறைந்து திரை மங்கலாகிப்போனது. விசைப்பலகையில் இருந்த என் கையை அவள் மெதுவாக எடுத்து மேசையில் வைத்தாள்.

“வேண்டாம், அக்கா. அப்பிடியே கிடக்கட்டும்.”

பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவள் திரும்பி வந்தாள்.

“நீங்கள் ரிட்டயர் பண்ணினாப் பிறகு, வேற ஆரும் வந்து இதை நிரப்பிப்போடுவினமோ?”