சொப்பிங் பையில் வந்த மண்

1. கடைசியாக வந்த கார்

முப்பது வருடமாக டயர் கழற்றிப் பூட்டிய கையால் இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டயரை ஒரு நாளும் நான் கோணலாகப் பூட்டியதில்லை. ஆனால் பிழையான டயரை விற்றிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, யாழ்ப்பாணம் ரவுணில் இருக்கிற என்னுடைய கடைக்கு மைதிலி மிஸ் வந்தார். அவர் விவசாயப் போதனாசிரியர். வயது நாற்பத்தைந்து இருக்கும், வீடு தொண்டைமானாற்றில். வெங்காயத் தோட்டங்களைப் பார்க்க ஊர் ஊராகத் திரிகிற சின்னக் காரிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டோகுரோஸ் ஓடுவார்.

ஓட்டோகுரோஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் நிலத்தில் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போடுவார்கள். கார்களை ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பார்கள். கூம்பை விழுத்தினால் நேரத்தோடு இரண்டு செக்கன் கூட்டுவார்கள். பக்கத்தில் ஓட வேறு கார் இல்லை, மணிக்கூட்டோடுதான் போட்டி.

அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் அந்தக் காருக்கு நல்ல அகலமான டயர் நாலு பூட்டிவிட்டிருந்தேன். அவர் கேட்டது ஓட்டத்துக்கு ஒரு டயர். நான் கொடுத்தது பார்க்க எடுப்பான டயர்.

"நானா, உங்கடை டயரோடை ஓடினன். கடைசியா வந்தன்" என்றார். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

எனக்கு முகம் கறுத்துவிட்டது. "அகல டயர் எண்டால் பிடிப்புக் கூடத்தானே மிஸ்? ஓட்டத்திலை ஏதும் பிழை விட்டிருப்பியள்" என்று வாய் கூசாமல் சொன்னேன். விற்றவன் வாய் அப்படித்தான் பேசும்.

வேறு யாருமென்றால் கடையை இரண்டாக்கியிருப்பார்கள். இந்தப் பெண் கைப்பையைத் திறந்து, முடிச்சுப் போட்ட ஒரு சொப்பிங் பையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே செம்மண்.

"உது என்ன?"

"ஓட்டம் நடந்த நிலத்திலை கிண்டி எடுத்தது. மேலை ஒரு அங்குலத்துக்கு மாத் தூள். அதுக்குக் கீழை ஸ்குரூட்ரைவரும் இறங்கேல்லை, அவ்வளவு இறுக்கம். உங்கடை அகல டயர் தூளுக்கு மேலை மிதந்துகொண்டு போகுது. மிதக்கிற டயர் எப்பிடி நானா திரும்பும்?"

நான் மண்ணை விரலால் நிமிண்டிப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் டயர் பூட்டியிருப்பேன்! எந்த மண்ணில் ஓடப்போகிறது என்று ஒருவரையும் கேட்டதில்லை. சைஸ் என்ன என்றுதான் கேட்பேன். வெட்கமாக இருந்தது.

2. வேன் டயர்

இதுவே கடைசிப் பருவம் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். மூன்று வருடமாக நாலாவது, ஐந்தாவது என்று வந்துகொண்டிருக்கிறார். முன்சில்லு, அதாவது முன்சக்கரம், இழுக்கிற கார்களுக்குத் தனிப் பிரிவு. அதில் முதல் மூன்று பேரைத்தான் தெற்கில் நடக்கிற பெரிய ஓட்டத்துக்கு எடுப்பார்கள். அதைத் தீர்மானிக்கிற ஓட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"இந்த முறையும் இல்லையெண்டால் நிப்பாட்டுறன். சொன்னால் சொன்னதுதான்" என்றார்.

அன்று முழுக்க யோசித்தேன். முன்சில்லுக் காரில் இழுப்பதும் திருப்புவதும் முன் டயர்கள்தான், பிரேக் பாரத்தில் முக்காலும் அவற்றின் தலையில்தான். பின் டயர்கள் சும்மா மாப்பிள்ளைத்தோழன் மாதிரி கூட வருகிறவை. ஆகவே முன் டயர் தூளை வெட்டிக்கொண்டு கீழே இருக்கிற இறுகிய நிலத்தைத் தொட வேண்டும். அதற்கு ஒடுங்கிய டயர் தேவை.

கடைசியில் கண்டுபிடித்தது, தெருத் தெருவாக ஹோர்ன் அடித்துப் பாண், அதாவது ரொட்டி, விற்கிற வேன்களுக்குப் பூட்டுகிற டயர். நூற்று ஐம்பத்தைந்து சைஸ், பதின்மூன்று அங்குல றிம், ஆழமான வெட்டு, பார்க்கக் கொஞ்சமும் வடிவில்லை. பழைய இரும்பு றிம் நாலு தேடி அதில் பூட்டி, அகல டயரைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். மைதிலி மிஸ் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இனி ஹோர்ன் அடிச்சால் சனம் பாணுக்கு ஓடி வரும் நானா."

"வரட்டும் மிஸ். வித்துப்போட்டு ஓடுங்கோ."

3. நான் மறுத்தது

ஓட்டம் கோப்பாய்க்கும் புத்தூருக்கும் இடையில் ஒரு செம்மண் வெளியில். நானும் காரைத் தூக்குகிற ஜக், சில்லுச் சாவி, காற்றடிக்கிற பம்பு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனேன். கூப்பிட்டது யார் என்று கேட்காதீர்கள், ஒருவரும் கூப்பிடவில்லை. நான் விட்ட பிழைக்கு நானே வந்தேன்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம், அதில் நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. தொடங்குமுன் டயரின் தோளில் சோக்கால் மூன்று கோடு கீறிவிட்டேன். வளைவில் டயர் எவ்வளவு மடிகிறது என்பதை அந்தக் கோடு சொல்லும். முதல் ஓட்டம் முடிந்து வந்தபோது முன் டயர்களில் கோடு பாதிவரை அழிந்திருந்தது, காற்று அளவு சரி. ஆனால் நேரம் மறுபடியும் நாலாவது.

"பிடிப்பு நல்லாயிருக்கு நானா. ஆனால் குறுகின வளைவிலை கார் திரும்பாமல் நேரை தள்ளிக்கொண்டு போகுது. பின்பக்கம் வழுக்கித் தந்தால்தான் சுத்தும். டிக்கியிலை என்ரை பழைய மொட்டை டயர் ரெண்டு றிம்மோடை கிடக்கு. பின்னுக்குப் போட்டுத் தாங்கோ."

"முடியாது" என்றேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில்தான் நான் இந்தத் தொழிலைப் பழகினேன். அங்கே ஒரு வேன். முன்னுக்குப் புது டயர், பின்னுக்கு மொட்டை. ஒரு மழை நாளில் பின்பக்கம் சுழன்று வாய்க்காலுக்குள் போனது. உள்ளே இருந்தவர்களைத் தூக்கி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்றையிலிருந்து நல்ல டயர் பின்னுக்குத்தான். கேட்காத வாடிக்கையாளர்களை ஏசித் துரத்தியிருக்கிறேன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ மிஸ். உந்தக் காரிலைதானே தொண்டைமானாற்றுப் பாலத்தாலை வீட்டை போகப்போறியள்?"

"நானா, இது றோட்டு இல்லை. எதிரிலை வாகனம் இல்லை, உள்ளுக்கு என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. ஓடி முடிஞ்ச உடனை, வேறை எதுவும் செய்யமுதல், மாத்திப்போட்டுத்தான் நிப்பன். சரியோ?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். வீட்டில் கொடுத்த சொல்லுக்காக இவ்வளவு ஆசையையும் விடத் தயாராக நிற்கிற ஆள். ஜக்கை எடுத்தேன். என் கையாலேயே மொட்டை டயரைப் பின்னுக்குப் பூட்டினேன்.

4. பவுசர்

அந்த நேரம் பார்த்துத் தூசி தாங்க முடியாமல் ஒழுங்கு செய்தவர்கள் தண்ணீர் பவுசர் லொறியை விட்டுப் பாதை முழுக்க நனைத்துவிட்டார்கள். யா அல்லாஹ்! பின்னுக்கு மொட்டை, கீழே ஈரச் செம்மண். எனக்குப் புத்தளத்து வாய்க்கால்தான் கண்ணில் நின்றது.

"கழட்டுவம் மிஸ், மன்றாடிக் கேக்கிறன்."

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணைக் கிள்ளி எடுத்து விரலால் நசித்துப் பார்த்தார். தோட்டத்தில் வெங்காயத்துக்கு நீர் போதுமா என்று பார்க்கிற அதே பார்வை.

"மேல்தோல்தான் நனைஞ்சிருக்கு, கீழை காய்ஞ்ச நிலம். முன் டயர் வெட்டிப் பிடிக்கும். அகல டயர்க்காரருக்குத்தான் இனிக் கஷ்டம்."

சொன்ன மாதிரியே நடந்தது. அவருக்கு முதல் ஓடிய இரண்டு அகல டயர்க் கார்களும் சறுக்கிக்கொண்டு கூம்புகளை வாரிக்கொண்டு போயின. பிறகு நம்முடைய பாண் வேன் டயர் போனது. வளைவுக்கு வளைவு முன்பக்கம் ஆணி அடித்த மாதிரி நிற்க, பின்பக்கம் அளவாக வழுக்கிச் சுற்றிக் கொடுத்தது. இப்படி ஓர் ஓட்டத்தை நான் கண்டதில்லை.

கடைசி வளைவில் பின்பக்கம் அளவுக்கு மிஞ்சி வெளியே வந்தது. "பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன். அவர் பிரேக்கைத் தொடவில்லை. எஞ்சின் இரைந்தது. அக்சிலேற்றரை மிதித்திருக்கிறார்! முன்சில்லு இழுக்க, கார் நிமிர்ந்து நேரே வந்தது. கடைசிக் கூம்பு ஆடியது, விழவில்லை. நான் கத்தியபடி அவர் பிரேக் அடித்திருந்தால் சுழன்றிருக்கும். டயர் பூட்டத் தெரிந்தவனுக்கு ஓடவும் தெரியும் என்ற என் நினைப்பு அன்றோடு முடிந்தது.

இன்னும் ஆறு கார் ஓட இருந்தது. எல்லாரும் நேரம் எழுதுகிற பலகையடியில் கூடி நின்றார்கள். மைதிலி மிஸ் பலகைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் காரை நேரே என்னிடம் கொண்டுவந்து நிறுத்தி, டிக்கியைத் திறந்தார்.

"வாங்கோ நானா, மாத்துவம்."

"முடிவைப் பாத்துப்போட்டு வாங்கோ. நான் மாத்துறன்."

"இல்லை. சொன்னனான்."

ஆளுக்கொரு பக்கமாகக் குந்தியிருந்து பின் சில்லுகளைக் கழற்றினோம். அவருடைய பக்கத்தில் நல்ல சில்லு ஏறி நட்டு இறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி முடிவு சொல்லத் தொடங்கியது. முன்சில்லுப் பிரிவில் முதலாவது ஒரு பெயர், இரண்டாவது இன்னொரு பெயர். மூன்றாவது, மைதிலி.

நான் சாவியைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. ஒலிபெருக்கி திரும்பவும் கூப்பிட்டது. "மைதிலி மிஸ், எங்கை நிக்கிறியள்? மேடைக்கு வாங்கோ!"

அவர் நிமிரவில்லை. "பொறுக்கச் சொல்லுங்கோ நானா. இன்னும் ரெண்டு நட்டுக் கிடக்கு."

இரண்டையும் இறுக்கி முடித்து, மண் கையைக் காச்சட்டையில் துடைத்துக்கொண்டுதான் மேடைக்குப் போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். டயர் கேட்டு வருகிறவரிடம் சைஸைக் கேட்குமுன் எந்த நிலத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள். நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். மற்றது, பூட்டி முடித்த நட்டை யார் இறுக்கியிருந்தாலும் ஒருமுறை நீங்களும் இறுக்கிப் பார்ப்பது வழக்கமாக இருக்கட்டும். அன்று அவர் மேடையில் நிற்க, அவர் பூட்டிய சில்லில் நானும் சாவியை வைத்துப் பார்த்தேன். ஒரு நட்டும் அசையவில்லை.