பின்வாசலுக்கு வந்த வண்டி

இப்போதும் மாடியில் என் மகள் இருமினால், படித்துக்கொண்டிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். வெறும் இருமல்தான் என்று தெரிந்த பிறகே கண் மறுபடி எழுத்தில் நிற்கிறது. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் அடங்கும் என்றாள் என் மனைவி. கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறவன் நான். இந்த மாதிரி எழுதிப் பழக்கமில்லை.

காரைக்குடியின் பழைய வீடுகளைப் போல எங்கள் வீடும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசலில் நின்றால் முகப்பு, முற்றம், இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் தாண்டிப் பின்வாசல் கதவு நேர்க்கோட்டில் தெரியும். பங்காளிகள் எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். குடும்பத்தில் இங்கே இருப்பது நாங்கள் மூவர்தான். தெருவில் பாதி வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கும். மற்ற நாளில் பூட்டுத்தான்.

அந்தப் பூட்டிய வீடுகளில் சிலவற்றைக் குத்தகைக்கு எடுத்து, நகராட்சியும் வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் சிலரும் சேர்ந்து மருத்துவ வட்டாரம் என்று ஒன்றைத் தொடங்கியபோது நான் நம்பவில்லை. முகப்பில் ரத்தப் பரிசோதனை, முற்றத்தைச் சுற்றிய வளவில் ஸ்கேன், மாடியில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகள் என்று வரைபடம் காட்டினார்கள். முனை டீக்கடைக்காரர் சொன்னார்: "இனிமே கல்யாணத்துக்கு வர்றவுகள வாசல்லயே நிப்பாட்டி, பிரஷர் பாத்துட்டுத்தான் பந்திக்கு விடுவாக போல." கேலி செய்த அவரே ஒரு வருஷத்துக்குள் பக்கத்துக் கடையையும் பிடித்தார். இருட்டினால் நாய் மட்டும் நடக்கும் தெருவில் இட்லிக்கடை வந்தது, ஜெராக்ஸ் கடை வந்தது, இரண்டு மெஸ் வந்தன. பெங்களூரிலிருந்து என் மகளும் வந்தாள். எனக்கு அதுதான் பெரிய வரவு.

ஆம்புலன்ஸ், கிளினிக், அவசர சிகிச்சைப் பிரிவு மூன்றையும் இணைக்கும் சிறிய நிறுவனத்தில் அவளுக்கு வேலை. இரண்டு தெருவிலும் வாசல் உள்ள வீடுகள் என்பதால் வண்டி எந்த வாசலுக்குப் போவது என்று குழப்பம் வரும். அதற்காக, ஆட்கள் புழங்கும் வாசலில் எண் போட்ட தகடு ஒன்றைப் பதித்து, அந்த வாசலையே வரைபடத்திலும் ஏற்றினார்கள். அது அவள் பொறுப்பு. எல்லா வீட்டிலும் பேசிச் சம்மதிக்க வைத்தவளுக்குத் தன் வீட்டில் முடியவில்லை. சென்னையிலிருந்து என் அண்ணன் போனில் மறித்தார்.

"மாப்பிள்ளை நுழையிற வாசல்ல தகரத்த அடிப்பாகளா ஆத்தா? பர்மாவுலேருந்து கப்பல்ல வந்த கதவு அது."

"கதவுல வேணாம் பெரியப்பச்சி, சுவத்துல அடிச்சுக்கிறோம்."

"சுவரு முட்டைச் சாந்துல்ல! தொளை போட்டா பாளம் பாளமா வரும். பின்வாசல்ல எத்தனை வேணும்னாலும் அடிச்சுக்கங்க."

"ஆம்புலன்ஸு பின்னாடி வந்து நிக்குமே!"

"நிக்கட்டும். நம்ம வீட்டுல யாருக்கு என்ன?"

அவள் சிரித்துவிட்டாள். தகடு பின்வாசலுக்குப் போனது. வரைபடத்திலும் அப்படியே ஏற்றினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம் என்று மாடி அறையைச் சுத்தம் செய்யப் போனாள். பல காலமாகத் திறக்காத ஜன்னல். கதவைத் தள்ளியதும் அதன் பின்னால் கூடு கட்டியிருந்த கதண்டுக் குளவிகள் கொட்டிவிட்டன. கழுத்தைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். "அப்பச்சி, கதண்டு" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. உதடு வீங்கிக்கொண்டிருந்தது. மார்பில் சிவப்புத் திட்டுகள். நான் பார்க்கப் பார்க்க மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது.

வட்டார எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "வண்டி கிளம்பிருச்சு சார். சாஞ்சு உக்கார வைங்க. எந்திரிச்சு நடக்க விடாதீக" என்றாள். மனைவி மகளைத் தாங்கிக்கொண்டு முற்றத்து ஓரம் உட்கார்ந்தாள். நான் முன்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துவிட்டுத் தெரு நடுவில் செருப்பில்லாமல் நின்றேன்.

சைரன் கேட்டது. நெருங்கியது. நின்றது. தெருவில் வண்டி இல்லை. சத்தம் என் வீட்டுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"பின்னாடி! பின்னாடி வந்துருக்காக!" மனைவி கத்தினாள்.

அப்போதுதான் தகடு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் பின்வாசல் பக்கம் யாரும் போவதில்லை. கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை. போன கல்யாணத்துக்கு எடுத்த அண்டாக்களும் தவலைகளும் அதன்மேல் சாய்த்து அடுக்கிக் கிடந்தன. மகளைத் தாண்டித்தான் ஓடினேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை; பார்த்திருந்தால் கால் ஓடியிருக்காது.

வெளியிலிருந்து ஒரு பெண் குரல், "சார், கதவைத் திறங்க!"

"இருங்க, அண்டா இருக்கு!" என்று கத்தினேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"அண்டாவா? டிரைவர் அண்ணே, நீங்க வண்டிய முன்தெருவுக்குச் சுத்திக் கொண்டாங்க. நா இங்குட்டே உள்ள போறேன்."

ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினேன். பெரிய அண்டா தரையில் உருண்டு கோயில் மணி போல அதிர்ந்தது. பட்டை துருவேறி இறுகியிருந்தது. ஒரு தவலையால் அடித்ததில் நகர்ந்தது. கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான். முதலில் பை வந்தது, பின்னால் குரல் கொடுத்த நர்ஸ் வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கட்டுக்குக் கட்டு நேராக ஓடி, மகளின் தொடையில் சுடிதாரோடு சேர்த்து ஊசியைப் போட்டார். முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்.

"என்னையப் பாரும்மா. இழு. விடு. அம்புட்டுத்தான். இழு."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. விசில் மெல்லத் தணிந்தது. மகள் முகமூடியை லேசாக நகர்த்தினாள்.

"பின்வாசல்னு நாந்தான் போட்டேன்" என்றாள்.

"மொதல்ல மூச்சப் போடு" என்றார் நர்ஸ்.

அதற்குள் வண்டி முன்வாசலுக்கு வந்திருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவு நாங்கள் எத்தனையோ கல்யாணம் சாப்பிட்ட வீடு. பந்தி ஓடிய கூடத்தில் அவளுக்குக் கட்டில் கிடைத்தது. மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் திரையில் அவளுடைய துடிப்பையும் மூச்சையும் பார்த்தபடி பேசினார். திரும்பவும் வீங்க வாய்ப்புண்டு, நாளை வரை இருக்கட்டும் என்றார். முன்பென்றால் வாடகைக் கார் பிடித்து நாங்கள்தான் மதுரைக்குப் போயிருப்போம். "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா..." என்று இங்கிருந்த இளம் டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகள் வீட்டுக்கு வந்த மறுநாள் அண்ணன் சென்னையிலிருந்து வந்தார். பையைக்கூட வைக்காமல் அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முன்வாசலுக்குப் போய், "ஆளக் கூப்புடு. தகட்ட இந்த நெலையிலயே அடிக்கட்டும்" என்றார்.

முதல் துளையிலேயே டிரில் பிட் ஒடிந்தது.

"என்னங்கய்யா, இது மரமா இரும்பா?" என்றார் வந்தவர்.

"பர்மா தேக்குல்ல" என்றார் அண்ணன். அந்த நேரத்திலும் ஒரு பெருமை. "வேற பிட்டு போடுப்பா. ஒடஞ்சா இன்னொண்ணு போடு."

மகள் தெருவில் நின்று பார்த்தாள். "பெரியப்பச்சி, சாஞ்சிருக்கு. இங்குட்டுக் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க."

தீயணைப்புக்காரர்கள் கூட்டை எடுத்துவிட்டார்கள். மாடி அறைக்கு அந்த இரண்டு பெண்களும் குடிவந்தார்கள். அண்டாக்களை வேறு அறைக்கு மாற்றினோம். பின்கதவுக்கு எண்ணெய் போட்டேன்; வாரம் ஒரு தடவை திறந்து மூடுகிறேன், தேவையில்லாமலும்கூட.

வரைபடத்தைத் திருத்திய பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மகள் வண்டியை வரவழைத்தாள். சைரன் இல்லாமல் வந்து சரியாக முன்வாசலில் நின்றது. அதே டிரைவர், அதே நர்ஸ். மனைவி காபி கொண்டுவந்தாள்.

நர்ஸ் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்டா எல்லாம் எடுத்தாச்சா சார்? இல்ல, இந்தப் பக்கம் அடுக்கிட்டீகளா?"

மகள் தகட்டுக்குக் கீழே நிலையில் சாய்ந்து சிரித்தாள். சிரித்து முடித்து அவள் நீளமாக மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. எந்தச் சத்தமும் இல்லாத மூச்சு.