எலி ருசி பார்த்த விதைக்கதிர்

எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே தொங்கிய மக்காச்சோளக் கதிர்களில் புகை ஏறி ஏறி, பக்கத்தில் போனாலே நாக்கில் எச்சில் ஊறும். சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், தை கழிந்து கண்மாய்த் தண்ணீர் வற்றியதும், ஈரம் காயாத அதன் உள்வாயைத் தெருவின் ஏழு வீட்டுக்கும் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துவிடுவார்கள். பாதித் துண்டில் ‘சீனிக்கிழங்கு’ என்று நாங்கள் சொல்கிற சர்க்கரைவள்ளி. அதற்குக் கொடியைக் கிள்ளி ஊன்றினால் போதும். மீதியில் நாட்டு மக்காச்சோளம். அதற்கு வீட்டுக்கு ஒரு விதைக்கதிர். ஏழு கதிரையும் வருஷத்துக்கு ஒரு வீடு காக்க வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டு முறை வந்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டிருந்தாலும் களவில் நான் நிறையப் படித்திருந்தேன். அம்மா களை வெட்டப் போனதும் மரப்பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி, ஒரே கதிரில், சுவர்ப் பக்கத்து மணிகளாகப் பார்த்து நாளுக்குப் பத்து உதிர்த்து, தணலில் பொரித்துத் தின்றேன். முன்பக்கம் வெற்றிலை போட்ட பல்வரிசை போலச் சிவப்பாக அப்படியே இருந்தது, பின்பக்கம் பொக்கை.

விதைக்கிற நாளில் அம்மா, “ஏட்டி, ஆளுக்கு ஒண்ணா எடுத்துக் குடு” என்றாள். பொக்கைக் கதிரை எங்கள் பங்காக ஒதுக்கியிருக்கலாம். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும், இரண்டு அடி போட்டுவிட்டு எங்கள் கதிரில் பாதியை உதிர்த்துக் கொடுத்திருப்பாள். நானோ, யார் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பேச்சியத்தையின் கையில் அதை வைத்தேன். புருஷன் செத்தபின், இரண்டு பிள்ளைகளோடு அந்தத் துண்டு நிலத்தை நம்பியே வருஷத்தை ஓட்டியவள். கதிரைத் திருப்பிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

“என்ன மதினி, கதிரு நல்லாருக்கா?” என்று அம்மா கேட்டாள்.

“எலி கொஞ்சம் ருசி பாத்துருக்கு மதினி. கெட்டிக்கார எலி, முன்வரிசை கலையாமத் தின்னுருக்கு” என்று சொல்லி, முந்தியில் முடிந்துகொண்டாள்.

அந்தக் கோடையில் ஆறு வீட்டுச் சோளமும் ஆளுயரம் நிற்க, அத்தையின் சோளத்துண்டில் பாதி வெறும் மண்ணாகக் கிடந்தது. விளைந்ததில் முதல் கதிரைச் சுட்டு என்னிடம்தான் நீட்டினாள். “இந்தா எலி, இந்தத் தடவையாவது முன்னால இருந்து தின்னு.”

ஆடிக்குள் அவள் வீட்டுச் சோளப் பானை காலி. தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், மறுவருஷம் தன் பங்கே வேண்டாமென்று விட்டுவிட்டாள். கடைசிவரை என்னை ‘எலி’ என்றே கூப்பிட்டாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டாயிரமும் பிறந்து சில வருஷமாகிவிட்டது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து தெருவையே அள்ளிக்கொண்டு போகிறது. சோளமென்றால் இப்போது கோழித் தீவனத்துக்குப் போகிற மஞ்சள் சோளம்தான். அந்தச் சிவப்பு மணி எந்த வீட்டிலும் இல்லை. பேச்சியத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் வாயும் அந்தக் கதிரின் பின்பக்கம் மாதிரி ஆகிவிட்டது. ‘எலி’ என்று கூப்பிடத்தான் ஆளில்லை. யாராவது கூப்பிட்டால், அது நான்தான் என்று இப்போது ஒத்துக்கொள்வேன்.