சும்மா கிடந்த இடம்

எங்கள் ஊர் வண்டிப்பேட்டையை இனி என்ன செய்யலாம், ஊரார் வந்து கருத்துச் சொல்லலாம் என்று நகரசபையிலிருந்து தண்டோரா போட்டார்கள். ஐம்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். போடிமெட்டிலிருந்து இறங்குகிற ஏலக்காய் மூட்டைகள் லாரியிலேயே சரக்கு அடுக்குகிற கிட்டங்கி வாசலுக்கு வந்துவிட, மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிடுகிற பேட்டைக்குச் சோலி இல்லாமல் போயிருந்தது. ஆளுக்கொரு ஆசை. வியாபாரிகளுக்குக் கடை வரிசை, இளவட்டங்களுக்கு சினிமாக் கொட்டகை, படித்தவர்களுக்கு ரேடியோ வைத்த பூங்கா. எங்களிடம் வந்து ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்களும் ஊரார்தானே? முந்தின தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தபோது மட்டும் எங்கள் வீடு தெரிந்ததே!

நாங்கள் என்றால் கிட்டங்கியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள். விடிந்ததும் சுளகோடு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை வேலை. பச்சைக் காய் ஒருபக்கம், வெளுத்தது ஒருபக்கம், வெடித்தது ஒருபக்கம். கிட்டங்கியில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. பேட்டையின் வடக்கு மூலையில் பாதி இடிந்த சுவர் ஒன்று நின்றது. அதற்குப் பின்னால்தான் ஒதுங்குவோம். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஊர் ஆண்களிடம் ஒரு மரியாதை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் வரும்போது தூரத்திலேயே இருமுவார்கள். முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு வெரசாகக் கடந்துவிடுவார்கள். வீட்டிலும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். நாங்களும் பேசியதில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கியவள் ராசிங்காபுரத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைத்தாச்சி. வாயில்லாப் பூச்சி. பேட்டையில் கடை வரப்போகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். உதடு வெடித்துக் கிடந்தது. என்னடி இது என்று அதட்டினேன்.

"இப்பவே பழகிக்கிறேன்க்கா," என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி தாகத்தைப் பழகிக்கொள்ள வேண்டுமாம், இவர்கள் டீக்கடை போட! செம்பை அவள் கையில் திணித்து, குடிக்கும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன். அன்று மாலையே நகரசபைக் கூட்டத்துக்குப் போனேன்.

மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி நாலைந்து பெண்கள் நின்றோம். தலைவர் எல்லா யோசனையும் கேட்டுவிட்டு, இப்போது அந்த இடத்தை யாராவது புழங்குகிறார்களா என்றார். முன்வரிசையில் இருந்த என் கொழுந்தன் எழுந்தான். நித்தம் இருமிக்கொண்டு போகிறவர்களில் அவனும் ஒருத்தன்.

"யாரும் இல்லைங்க. சும்மாதான் கெடக்கு."

கூட்டமே தலையை ஆட்டியது. அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. வருஷக்கணக்கில் பார்க்காமல் இருந்து இருந்து, அங்கே ஒன்றும் இல்லை என்றே அவனுக்கு ஆகிவிட்டது. அந்த மரியாதையை அன்றோடு வெறுத்தேன்.

"சும்மா கெடக்கல," என்றேன். "நாங்க அங்கனதான் ஒதுங்குறோம். எங்க போறதுன்னு சொல்லிட்டு இடிங்க."

கொழுந்தன் தரையைப் பார்த்தான். சபையில் பேசுகிற பேச்சா இது என்றார் தலைவர். பொம்பளைக்கு வெட்கம் வேண்டாமா என்று இன்னொருவர். வெட்கம் இல்லாமலா? வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொன்னேன்.

கடை வரிசை என்று முடிவாயிற்று. ஊரே சிரிக்கிறது என்றார் என் வீட்டுக்காரர். நல்லா சிரிக்கட்டும் என்று சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் சுவரை இடித்தார்கள். மறுநாள் காலையில் கிட்டங்கிப் பெண்கள் அத்தனை பேரும் நகரசபை ஆபீசுக்குப் போனோம். கொல்லைப்பக்கம் உத்தியோகஸ்தர்களுக்கென்று ஒரு கக்கூஸ் இருந்தது. அதன் முன்னால் வரிசையாக நின்றோம். பிள்ளைத்தாச்சியை முதலில் விட்டோம். பியூன் கத்தினார், கேட்கவில்லை. கிட்டங்கியிலிருந்து ஆள் வந்து வேலைக்குக் கூப்பிட்டான், முடித்துவிட்டு வருகிறோம் என்றோம். உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள், இருமினார்கள், மலையைப் பார்த்தார்கள். நாங்கள் அசையவில்லை. பிறகு அவர்களும் வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். பாவம், வேறென்ன செய்வார்கள்?

தினமும் போனோம். அப்புறம்தான் கடைகளுக்குப் பின்னால் எங்களுக்கென்று கல்லு மண்ணு வைத்து மறைப்புக் கட்டிக் கதவு போட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு காலையில் தலைவரே இறங்கி வந்தார். கோபம் எல்லாம் வடிந்துபோன முகம். வரிசையில் முதல் ஆளாக நின்ற பிள்ளைத்தாச்சியிடம் கேட்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சோறு திங்கிற, தண்ணி குடிக்கிற வரைக்குந்தாங்கய்யா," என்றாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.