மேல்வீட்டு வெள்ளைத் தலை

என் ஓரகத்தி வாங்கிய ஃபெரெட் என்ற வளர்ப்புப் பிராணிக்கு நெற்றியிலிருந்து பிடரிவரை பாலை ஊற்றியதுபோல வெள்ளை. என்னுடையது வெறும் பழுப்பு, பார்த்தால் கீரிப்பிள்ளைதான். பர்மாவில், பபேடான் பகுதியில் ஒரே கட்டடத்தில் அவள் நாலாம் மாடி, நான் மூன்றாம் மாடி. வருகிறவர்களெல்லாம் என் வாசலைத் தாண்டி மேலே ஏறிப்போய் அதைக் கொஞ்சினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அழகைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதன் சமர்த்தைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் தெருவில் கீழிருந்து யாராவது கயிற்றை இழுத்தால் பால்கனியில் மணி அடிக்கும். கூடையை இறக்கிச் சாமான் வாங்குவோம். மணிச் சத்தம் கேட்டாலே என்னுடையது அலறியடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் ஓடும். அவளுடையது மடியில் கண்ணைக்கூடத் திறக்காது.

“பாத்தியா? ராஜ வம்சம்டி. கூப்பிட்டாக்கூட வராது, அவ்வளவு கெத்து. உன்னோடது இடி இடிச்சாலே மூத்திரம் போவுது,” என்பாள்.

“ஆமாக்கா,” என்று சிரித்துவிட்டுக் கீழே வந்து, பாவம், என் குட்டியைத் திட்டுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அதற்கு ஊசி போடப் போனபோது, கால்நடை மருத்துவரம்மாவிடம் மேல்வீட்டு ஃபெரெட்டின் படத்தைப் போனில் காட்டினேன். இதைவிட உன்னுடையதே மேல் என்று ஒரு வார்த்தை வராதா என்ற நப்பாசை. அவர், “கூப்பிட்டால் திரும்புமா?” என்று பர்மியத்தில் கேட்டார். அழகுக்காகவே இப்படித் தலை வெளுத்து வரும்படி இணைசேர்க்கிறார்களாம். அவற்றில் பல பிறவிச் செவிடாம். ஆள் வருவது தெரியாததால் திடீரென்று தொட்டால் மிரண்டு கடிக்குமாம்.

அடி சக்கை! வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. ஆனால் அவளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஐயோ பாவம் என்று இன்னும் நாலு பேர் பார்க்க வருவார்களே!

வெள்ளிக்கிழமை அது அவள் மகளின் கையைக் குதறிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து தூக்கியிருக்கிறாள். ஓரகத்தி வீட்டுக்காரர் கூண்டோடு அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார். ஓரகத்தி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

“நான் என்னடி குறை வெச்சேன்? வேணும்னே கடிக்குதே!”

“வேணும்னு இல்லக்கா,” என்றேன். “அதுக்குக் காது கேக்காது.”

அவர் கூண்டைக் கீழே வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “உனக்கு எப்படி தெரியும்?”

“டாக்டரம்மா சொன்னாங்க.”

“எப்ப?”

கட்டுப்போட்ட கையோடு அந்தப் பெண்ணும் என்னையே பார்த்தாள்.

“செவ்வாக்கிழமை.”

ஃபெரெட் மேல்வீட்டிலேயே இருக்கிறது. தரையைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் தூக்குகிறார்கள், கடிப்பதில்லை. வருகிறவர்கள் மடியிலெல்லாம் அந்தப் பெண் அதைக் கொடுக்கிறாள். என்னிடம் மட்டும் கொடுப்பதில்லை.