மருந்து வாடைக்குப் பயந்த நாய்

ஊரே வெடி செய்து பிழைக்கிற இடத்தில், வெடிக்குப் பயந்த ஒரு நாயை வளர்க்க வேண்டும் என்பது என் தலையெழுத்து. சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு மதினி வாய்விட்டே சிரித்தாள். "மீன்காரி வீட்டுப் பூனை மீனப் பாத்துப் பயந்த கதையால்ல இருக்கு!" என்றாள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

ஆனைக்குட்டம் ரோட்டில் ஒரு பட்டாசு யூனிட்டில் விபத்து நடந்த மறுநாள் காலையில், எங்கள் வீட்டுத் துவைகல்லுக்கு அடியில் அது ஒண்டியிருந்தது. முதுகில் ஒரு கை அகலத்துக்கு முடி பொசுங்கியிருந்தது. எங்கிருந்து ஓடி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அப்புறம் கம்பெனி வேனில் ஏற யாருக்கும் மனசு வராது. நான் ஒரு கொட்டாங்கச்சியில் சோற்றை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வரப் பதினைந்து நாளாகும். பகல் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்தை அடைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நானே பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட வேண்டும். அலுத்துவிட்டது. வேனை விட்டு இறங்கும்போது ஒரு உயிர் எனக்கு எதிரே ஓடி வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் இந்த நாயோ என்னைக் கண்டதும் இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டுக் கல்லுக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளும். "சோறு போடுறவளப் பாத்தே ஓடுதியே, மூதேவி!" என்று கத்துவேன். அது இன்னும் உள்ளே போகும். எங்கேயாவது ஒரு வெடி வெடித்தால் கேட்கவே வேண்டாம், நாளெல்லாம் நடுங்கும்.

மகள் போனில் வழி சொன்னாள். எங்கேயோ வீடியோவில் பார்த்தாளாம்.

"யம்மா, ஒரேயடியாப் பழக்காத. மொதல்ல சின்னச் சத்தம், அதுவும் தூரத்துல. பயப்படாம இருந்தா ஒடனே தீனி போடு. பயந்துச்சுன்னா இன்னும் தள்ளிப் போயிரு. அதட்டவே அதட்டாத."

அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்குப் பெரும்பாடு. என்றாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கினேன். மதினி தெருமுனையில் நின்று டம்ளரில் கரண்டியால் தட்டுவாள். நான் நாய்க்கு ஒரு துண்டு கருவாடு போடுவேன். அப்புறம் சாப்பாட்டுத் தட்டில் தட்டுவாள். அப்புறம் தகர டின். ஒவ்வொரு வாரமும் நாலு எட்டு கிட்டே வருவாள். "எனக்கும் ஒரு துண்டு குடுங்க, நானுல்லா வேல பாக்கேன்" என்பாள். இரண்டு மூன்று மாதத்தில், பக்கத்துக் கம்பெனியில் சாம்பிள் வெடி போட்டால் நாய் நடுங்குவதை விட்டுவிட்டு, எங்கே என் கருவாடு என்று என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் வேன் வந்து நின்றதும், பழையபடி கல்லுக்கடியில் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பொங்கலுக்கு மகள் வந்தாள். நான் வேனிலிருந்து இறங்கியதும் ஓடி வந்து கட்டிக்கொண்டவள், மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா, ஒம்மேல இம்புட்டு மருந்து வாடை அடிக்கி!"

"எங்கட்டி? ஒண்ணும் அடிக்கலையே."

கையை முகர்ந்து பார்த்தேன். சேலையை முகர்ந்து பார்த்தேன். நிஜமாகவே எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. இருபது வருஷமாக அதற்குள்ளேயே கிடக்கிற மூக்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துவைகல்லைத் திரும்பிப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் குளித்து, வேறு சேலை கட்டியிருப்பேன். அன்று மட்டும் அது என்னிடம் நிற்கும். இத்தனை நாளும் வெடியென்றால் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், மடச்சி.

திரும்பவும் முதலிலிருந்து. வேலைக்குச் சேலைமேல் போட்டுப் போகிற சட்டையை முற்றத்தின் அந்தக் கோடியில் வைத்தேன், சோற்றுச் சட்டியை இந்தக் கோடியில். தினம் சட்டியை ஒரு சாண் சட்டைக்குக் கிட்டே தள்ளி வைப்பேன். ஆடி பிறந்ததும் தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது, வேன் வர இருட்டிவிடும். படுத்தால் போதும் என்றிருக்கும். அப்படியே புழுதியில் உட்கார்ந்து, சட்டையும் கருவாடுமாக அதற்காகக் காத்திருப்பேன். ஒருநாள் பொறுமை போய்ச் சட்டியை வீசி எறிந்துவிட்டேன். சேர்த்து வைத்த சாண் அத்தனையும் அன்றோடு போச்சு. என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். கழுவாத கையில், வெள்ளி போல் பொடி அப்பியிருந்த கையில், கருவாட்டை நீட்டினேன். அது முகர்ந்தது. நின்றது. தின்றுவிட்டுக் கையை வேறு நக்கியது. பொடியைத் தின்றுவிடப் போகிறதே என்று கையை இழுத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மறுநாளிலிருந்து வேன் நிற்கிற இடத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றது. வாலை ஆட்டும் ஆட்டத்தில் இடுப்பே ஆடும். கொஞ்ச நாள் ராணி மாதிரி இருந்தேன்.

இது போன மாதம் நடந்தது. காலையில் நாய் வேனுக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கம்பெனியில் நாங்கள் மருந்தடைக்கிற ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. ஒன்று என்றால் விழுந்தடித்து ஓடுவதற்கு. அதில் ஒரு துடைப்பத்தைக்கூட வைக்க விடமாட்டார்கள். டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போர்மேன் சத்தம் போட்டார்.

"இது யாரு வீட்டு நாயி? வாசல மறிச்சுப் படுத்துருக்கு, நீங்க பாட்டுக்கு வேல பாத்துக்கிட்டு இருக்கீக!"

என் முதுகுக்குப் பின்னால், வாசற்படியில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மருந்துத் தட்டு நாலடி தூரத்தில் இருந்தது.

"போ! ஓடு!" என்றேன். வாலை ஆட்டியது. கையை ஓங்கினேன். கையை முகர வந்தது. விபத்து நடந்த அன்றைக்கு இது ஓடியதால்தான் பிழைத்தது. அந்த ஓட்டத்தைத்தான் ஒரு வருஷமாக உட்கார்ந்து, துண்டு துண்டாகக் கருவாடு போட்டு, நான் மறக்கடித்திருக்கிறேன்.

அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். அது கண்ணை மூடிக்கொண்டது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அந்த இடம் பயமாக இருந்தது. கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.